பட்டறைக்கு ஆள் வரும் முன்னே: கைத்தொழில் ஊரில் சுற்றுலா தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கைத்தொழில் நடக்கும் ஊருக்கு வெளியாட்கள் வருவது புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் ஆத்தங்குடியில் இறங்கி, தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைக்குள் நுழைகிறார்கள். சுவாமிமலைக்குச் சாமி கும்பிட வந்தவர்கள் அப்படியே வெண்கலச் சிற்பக்கூடத்தையும் எட்டிப் பார்க்கிறார்கள். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், அருமை என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிடுகிறார்கள். அந்த முக்கால் மணி நேரம் வேலையை நிறுத்தி வைத்த கைக்குக் கூலி கொடுத்தது யார்? பெரும்பாலும் யாருமில்லை. கைத்தொழிலும் சுற்றுலாவும் சேர்ந்தால் கிராமம் செழிக்கும் என்று மேடையில் பேசுவது சுலபம். இந்த முக்கால் மணி நேரக் கணக்கைத் தீர்க்காத ஊரில் அந்தச் செழிப்பு வேன் ஓட்டுநரோடும் விடுதியோடும் நின்றுவிடும்.

உங்கள் ஊரில் ஒரு கைத்தொழில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்களை முறையாக வரவேற்று நாலு குடும்பத்துக்கு வருமானம் வர வழி செய்ய நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காக. மகளிர் சுய உதவிக் குழு, நெசவாளர் சங்கம், படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் என யார் தொடங்கினாலும் வேலை ஒன்றுதான். ஆத்தங்குடியையும், கோரைப் பாய் நெய்யும் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையையும் அடிக்கடி உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முதலாவது ஏற்கெனவே ஆள் வரும் ஊர். இரண்டாவது பெயர் ஊரறிந்தது, ஆனால் தேடி வருவோர் குறைவு. இரண்டுக்கும் இடையில் எங்கோ உங்கள் ஊர் இருக்கும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

விளம்பரப் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் தெருத் தெருவாக நடந்து கணக்கெடுங்கள். எத்தனை வீட்டில் தொழில் நடக்கிறது, யார் எந்த வேலையைச் செய்கிறார், மாதம் எவ்வளவு பொருள் முடிகிறது, அதை யார் வாங்குகிறார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் கண்ணில் படுவார். கோரையைக் கீறித் தருபவர், சாயம் காய்ச்சுபவர், பூக்கல்லுக்குத் தகடு அச்சு வளைத்துக் கொடுப்பவர் இவர்களெல்லாம் பின்வாசலில் இருப்பார்கள். அவர்களும் நோட்டில் ஏறியாக வேண்டும். பின்னால் பணம் பிரிக்கும்போது இந்த நோட்டுதான் பேசும்.

இந்தக் கணக்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, தொழில் தன் காலில் நிற்கிறதா என்பது. ஆத்தங்குடிக் கல்லை வாங்குகிறவர்கள் வீடு கட்டுகிறவர்கள். பார்க்க வருகிறவர் ஒருவர்கூட இல்லாத மாதத்திலும் பட்டறை ஓடும். அதனால்தான் அங்கே சுற்றுலா உபரி வருமானமாக நிற்க முடிகிறது. தொழில் தெரிந்தவர் ஊருக்கே ஒருவர்தான், அவருக்கும் வயது எழுபது என்றால் சுற்றுலாவைத் தள்ளி வையுங்கள். முதலில் அவரிடம் இரண்டு பேரைக் கற்றுக்கொள்ள உட்கார வையுங்கள், கொஞ்சம் ஆர்டர் பிடித்துக் கொடுங்கள். 2020-இல் ஊரடங்கு வந்து பயணம் நின்றபோது, வருகிறவர்களை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் பட்ட பாட்டை நாடெங்கும் பார்த்தோம்.

எதைக் காட்டப் போகிறீர்கள்

புதிதாகத் தொடங்குவோர் மிகக் குறைவாக யோசிக்கும் இடம் இது. ஒரு தொழிலில் பத்துப் பதினைந்து படிகள் இருக்கும். அத்தனையும் பார்க்கச் சுவையானவை அல்ல. அத்தனையும் தினமும் நடப்பவையும் அல்ல.

ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு கல் உருவாவதைக் கவனியுங்கள். துடைத்த கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம் வைக்கிறார். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகடு அச்சு. சிமெண்டும் நிறமும் கரைத்த குழம்பைக் கரண்டியால் மொண்டு அறை அறையாக ஊற்றுகிறார். சிவப்பு ஓர் அறையில், மஞ்சள் அடுத்ததில், பச்சை ஓரத்தில். அச்சை மெதுவாக மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பித் தட்டி மட்டம் செய்கிறார். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து, பிறகு காய்ந்தபின் கண்ணாடி விட்டு வரும். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம், பளபளப்பு அதிலிருந்து வருவது.

இதில் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நொடி அச்சைத் தூக்குவது. சில நிமிடங்களுக்குள் முழுக் கதையும் கண்முன் நடந்துவிடுகிறது. சுற்றுலாவுக்கென்றே செய்த தொழில் போல இருக்கும். பத்தமடை இதற்கு நேர் எதிர். பச்சைக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, சாயமேற்றி, அதன் பிறகுதான் பருத்தி நூல் பாவில் (நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களில்) ஒவ்வொரு கோரையாகக் குச்சியால் கோத்து நெருக்குகிறார்கள். நயமான பட்டுப் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் பாய் விரற்கடை அளவுகூட நகர்ந்திருக்காது. வந்தவர் கொட்டாவி விடுவார்.

மெதுவான தொழிலுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாக் கட்டத்தையும் ஒரே நேரத்தில் கண்ணில் வைப்பது: கீறாத கோரை ஒரு கட்டு, ஊறியது ஒரு கட்டு, சாயமேறியது ஒரு கட்டு, பாதி நெய்த பாய், முடிந்த பாய். கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் பட்டுப் பாயைத் துணிபோல மடித்துக் காட்டினால் பேசவே வேண்டாம். இன்னொன்று, வந்தவரை உட்கார வைத்து ஒரு கோரையைக் கோக்கச் சொல்வது. இழை தப்பும், கோரை முறியும். அதுவரை விலை அதிகம் என்று முணுமுணுத்தவர் அதற்குப் பிறகு முணுமுணுப்பதில்லை. இந்தப் பயிற்சிக்கெனத் தனியாக ஒரு சிறு பாவு போட்டு வையுங்கள். ஆர்டர் பாயில் விருந்தாளியின் கை படக் கூடாது.

சுவாமிமலை போன்ற ஊரில் உலோகம் உருக்கி ஊற்றுவதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அது வார்ப்பு நடக்கும் நாளில் மட்டும்தான். ஆபத்தும் உண்டு. மெழுகில் உருவம் பிடிப்பதையும், வார்த்து ஆறிய சிலையில் சிற்பி உளி வைத்து நகாசு செய்வதையும் காட்டுவதாகச் சொல்லுங்கள். ஊற்றும் நாள் அமைந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம்.

உங்கள் ஊர் எந்த வழியில் இருக்கிறது

கைத்தொழிலை மட்டும் பார்க்க நூறு கிலோமீட்டர் வருகிறவர் சிலரே. மற்றவர்கள் வேறெதற்கோ போகிற வழியில் வருகிறவர்கள். பத்தமடை திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் போகும் பாதையில் இருக்கிறது. பாபநாசத்துக்கும் அகத்தியர் அருவிக்கும் போகிற கார்கள் ஊரைக் கடந்துதான் போகின்றன. அப்படியானால் அருவிக்குப் போகும் காலை நேரத்தில் அவர்களைப் பிடிப்பது கடினம். குளித்து, சாப்பிட்டு, திரும்பும் மதியத்துக்கு மேல்தான் உங்கள் நேரம். சிவானந்த சுவாமிகள் 1887-இல் பிறந்த ஊர் என்பதால் அவருடைய அடியவர்களும் வருவதுண்டு. அவர்களுக்கு அவசரம் இருக்காது. யார், எந்த மாதம், எத்தனை மணிக்கு உங்கள் ஊரைக் கடக்கிறார்கள் என்று சாலையோரத் தேநீர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாதது இல்லை.

கட்டணம்: கூச்சப்படாமல் சொல்ல வேண்டியது

வீடு தேடி வந்தவரிடம் பார்ப்பதற்குக் காசு கேட்பதா என்று பெரியவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் மரியாதையானது. ஆனால் வந்தவர் சொந்தக்காரர் அல்ல. பொழுதுபோக்குக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டு கிளம்பியவர். கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் அந்தப் பணம் வேறெங்காவது போகும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். நாளுக்கு 600 ரூபாய் ஈட்டுகிறவர் 8 மணி நேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 75 ரூபாய். ஒரு குழு ஒரு மணி நேரம் இருக்கும். அவர்கள் போன பிறகு கை மறுபடி ஓட்டத்துக்கு வர அரை மணி. ஆக 110 ரூபாய் சொச்சம். பயிற்சியில் வீணாகும் பொருளுக்கு 50 ரூபாய். 160 ரூபாய்க்குக் கீழே வாங்கினால் அந்த வீடு நட்டத்தில் விருந்து வைக்கிறது என்று பொருள். இது அடித்தளம்தான், கட்டணம் அல்ல.

நான்கு பேர் கொண்ட குழுவிடம் தலைக்கு 200 ரூபாய் வாங்கினால் 800. அதில் செய்து காட்டியவருக்கு 400, விளக்கிச் சொன்னவருக்கு 150, தேநீருக்கும் துப்புரவுக்கும் அந்த வீட்டுக்கு 100, கீறுபவர் சாயமிடுபவர் போன்ற பின்வாசல் வேலைக்காரர்களுக்கு 50, ஊர்ப் பொதுப் பெட்டிக்கு 100. எண்களை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பாதியாவது வேலை செய்த கைக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பொருள் வாங்கினால் கட்டணம் கழிக்கப்படும்’ என்ற ஏற்பாடு வேண்டாம் என்பது என் கருத்து. நேரத்தின் விலை வேறு, பொருளின் விலை வேறு. இரண்டையும் கலந்தால் வாங்காதவர் வந்த வீடு ஏமாந்த வீடாகிவிடும்.

கட்டணத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசலில் மாட்டிவிடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வது ஒரே மாதத்தில் ஊர்ப் பெயரைக் கெடுக்கும்.

முறை வைப்பது

ஒடிசாவில் புரிக்கு அருகிலுள்ள ரகுராஜ்பூர், பட்டச்சித்திர ஓவியர்களின் ஊர். வீடுதோறும் ஓவியக்கூடம், சுவர்களிலும் ஓவியம். கைவினைக் கிராமச் சுற்றுலா என்றால் எடுத்த எடுப்பில் சொல்லப்படும் பெயர் அது. அங்கே போகிறவர்கள் வியப்போடு சேர்த்து ஒரு சங்கடத்தையும் சொல்வதுண்டு: வாசலுக்கு வாசல் ‘எங்கள் வீட்டுக்கும் வாருங்கள்’ என்ற அழைப்பு. அழைப்பவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் விற்கும்போது தன் வீட்டில் விற்காவிட்டால் எவருக்கும் பதற்றம் வரும்.

இதற்கு மருந்து முறை வைப்பதுதான். கோவில் திருவிழாவில் மண்டகப்படி முறை வைத்துப் பழகிய ஊருக்கு இது பெரிய வித்தை அல்ல. வரும் குழு முதலில் பொதுவான ஓரிடத்துக்கு வர வேண்டும். சங்கக் கட்டடம், சமுதாயக் கூடம், எதுவானாலும் சரி. அங்கே பெயர் எழுதி, கட்டணம் செலுத்தி, அன்றைய முறைக்காரர் வீட்டுக்கு விளக்குபவரோடு போக வேண்டும். விற்பனை பொது அறையில் மட்டும். ஒவ்வொரு பொருளிலும் செய்தவர் பெயர்ச் சீட்டு.

ஓட்டுநர்களும் விடுதிக்காரர்களும் கமிஷன் கேட்பார்கள். ஒளிவுமறைவாகக் கொடுத்தால் அது ஏறிக்கொண்டே போகும், கடைசியில் பொருளின் விலையில்தான் உட்காரும். ஓட்டுநருக்குச் சாப்பாடும் தேநீரும் உறுதி, நிழலில் உட்கார இடம் உறுதி, பொருளில் பங்கு இல்லை என்று முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள். சிலர் வண்டியை நிறுத்த மாட்டார்கள். போகட்டும்.

வீடும் தெருவும்

கழிப்பறை. இதை எழுதாத வழிகாட்டிதான் அதிகம். சுற்றுலாவில் ஊர்ப் பெண்கள் முதலில் சலித்துக்கொள்வது இதனால்தான். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பது எந்தக் குடும்பத்துக்கும் பிடிக்காது. பொதுப் பெட்டியில் சேரும் முதல் பணம் பொது அறையோடு ஒட்டிய சுத்தமான கழிப்பறைக்குப் போகட்டும்.

பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பங்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், நெய்பவர்களில் பெண்கள் அதிகம். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் நோன்பு மாதத்தின் பிற்பகலிலும் குழுக்களை அழைத்துப் போவது முறையல்ல. உங்கள் ஊரிலும் இப்படி நாட்கள் இருக்கும், குழுவாக உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். கையைப் படம் எடுக்கலாமா, முகத்தை எடுக்கலாமா என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றவர் சொல்லே கடைசிச் சொல். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைத் தறியில் உட்கார வைத்து ‘பாரம்பரியம் தொடர்கிறது’ என்று காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. செய்யாதீர்கள்.

இரவு தங்க வைப்பதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தனித் தொழில். வீட்டில் இடம் தருவதானால் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஹோட்கா என்ற ஊரில் வேறொரு வழி கண்டார்கள். ஊர்க் குழுவே ‘ஷாம்-எ-சர்ஹத்’ என்ற தங்குமிடத்தை அவர்களுடைய வட்ட மண்வீட்டு பாணியில் கட்டி நடத்துகிறது. விருந்தாளிக்கு மண்வீட்டில் தங்கிய நிறைவு, ஊர்க்காரர் வீடு ஊர்க்காரருக்கே.

விற்பனை, ரசீது, புவிசார் குறியீடு

பெரிய பாயை யார் காரில் ஏற்றுவார்கள்? பெரிய பொருளுக்கு ஆர்டர் வாங்குங்கள், கையோடு கொண்டுபோகச் சிறியதைச் செய்யுங்கள். கோரையில் உணவு மேசை விரிப்பு, கைப்பை, புத்தகக் குறி. செட்டிநாட்டுக் கொட்டான் இந்த விஷயத்தில் பாக்கியசாலி: பனையோலை, எடையே இல்லை, பெட்டிக்குள் பெட்டியாக அடங்கும். பூக்கல்லில்தான் சிக்கல். விருந்தாளி தன் கையால் வார்த்த கல்லை அன்றே கொடுத்தனுப்ப முடியாது, தொட்டியில் கிடந்து காய வேண்டும். முகவரி வாங்கி, கூரியர் செலவை முன்பே வசூலித்து, அடுத்த வாரம் அனுப்பிவையுங்கள். முகத்தோடு முகம் வைத்து நடுவில் அட்டை கொடுத்துக் கட்டினால் உடையாது.

ஊரில் செய்யாத பொருளை விற்பனை அறையில் வைக்கவே கூடாது. விசைத்தறிப் பாயை வாங்கி வந்து கைநெசவோடு கலந்து அடுக்கினால் லாபம் வரும்தான். விவரம் தெரிந்த ஒருவர் வந்து புரட்டிப் பார்க்கும் வரை. பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், சுவாமிமலை வெண்கலச் சிலை எல்லாம் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பதிவு, பெற்றவை. ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டதால் எல்லோரும் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் இந்த இரண்டாம் படி நடக்காமலே கிடக்கிறது. ஆளுக்கொரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் முன்வந்தால் ஒரு வாரத்து வேலை.

உலோகச் சிலை விற்கும் ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை நாட்டை விட்டு எடுத்துப்போவதை 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. புதுச் சிலையும் விமான நிலையத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகும். வெளிநாடு போகிறவருக்கு ரசீதோடு, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறும் வழியையும் சொல்லி அனுப்புங்கள்.

அரசு காகிதங்கள், சுருக்கமாக

மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் ‘பெஹ்சான்’ கைவினைஞர் அடையாள அட்டையை முதலில் வாங்குங்கள். கண்காட்சிக் கடையோ பயிற்சியோ எது கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 1973 முதல் இயங்கும் தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் பொருளைக் கொள்முதல் செய்கிறதா என்று அருகிலுள்ள கிளையில் விசாரியுங்கள். 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் அறிவிக்கப்பட்டன. தொகையும் விதியும் மாறக்கூடியவை. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள், நகலெடுத்த ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுபோனால் இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.

முதல் குழு, முதல் ஆறு மாதம்

முதல் குழுவாகப் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர்களைப் பாதிக் கட்டணத்தில் அழையுங்கள். எங்கே சலித்தார்கள், எந்தக் கேள்விக்கு விளக்குபவர் திணறினார், தேநீர் எங்கே தாமதமானது என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். விளக்குபவர் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். ஆயிரம் ஆண்டுப் பழமை, அரசர் காலத்து ரகசியம் என்றெல்லாம் கதை கட்ட வேண்டிய அவசியம் ஒரு நல்ல பாய்க்கு இல்லை.

நாளுக்கு இரண்டு குழு, குழுவுக்கு எட்டுப் பேர் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூன்றாவது குழு போன் செய்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் வந்தவர் எண்ணிக்கை, வசூல், யார் யாருக்கு எவ்வளவு போனது என்ற மூன்றையும் பொது அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும் ஊரில் சண்டை வராது என்று சொல்ல மாட்டேன், சீக்கிரம் தீரும்.

ஆறு மாதம் கழித்து முதல் நோட்டை எடுங்கள். கணக்கெடுத்தபோது மாதம் எத்தனை பாய் முடிந்தது, இப்போது எத்தனை? குறைந்திருந்தால் வசூல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அல்லது வாரத்தில் மூன்று நாள் ஊரை மூடுங்கள்.